வெயில் அடுப்பும் வேகாத சோறும்

அத்தியாயம் 6

பளபளவென்று எது கண்ணில் பட்டாலும் முனிவேலின் சட்டைப்பையில் இருக்கும் சீப்பு தானாக அவன் கைக்கு வந்துவிடும். அது கடை அலமாரியா, பஸ் முகப்பா, பக்கத்து வீட்டுச் செம்பா என்றெல்லாம் சீப்பு பார்ப்பதில்லை. அன்று காலை ஓசூரில் சகாயநாதன் வீட்டுக் கொல்லையில் நின்ற பொருளோ, அவனுக்கென்றே யாரோ செய்து வைத்த மாதிரி இருந்தது. மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு தகரக் கிண்ணம். அதன் உட்புறம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். முனிவேல் ஆசையாகக் குனிந்தான். ஒரு பஸ் நிறைய முனிவேல்கள் ஆளுக்கொரு சீப்போடு அவனைப் பார்த்தார்கள்.

“அக்கா, இந்த ரூட்டுல கூட்டம் தாங்காது. எல்லாம் நானே.”

“சீப்பை உள்ள வெச்சுட்டுப் பின்னாடி வாடா,” என்றார் சரோஜம்மாள்.

சேலம் ஜெயிலில் பெண்கள் பகுதிக்கு வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர் சரோஜம்மாள். பொய் சொல்கிறவர்களின் நடுவில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு ஓசூரில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. காணாமல் போன கோழியிலிருந்து காணாமல் போன கணவன்வரை கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ‘வார்டரம்மா’ என்றால் தெரியாதவர் இல்லை. முனிவேல் அவருடைய கடைசித் தம்பி. கண்டக்டர் வேலையைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டு அக்காவுக்கு உதவியாளனாகச் சேர்ந்தவன். வேலை போனாலும் வாய் போகவில்லை.

“இதுதாம்மா என் வெயில் அடுப்பு,” என்றான் சகாயநாதன். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தகர வேலை பார்த்தவன். இதற்காகவே அந்த வேலையை விட்டிருந்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். “கிண்ணத்துல விழற வெயிலெல்லாம் ஒண்ணா சேர்ந்து, நடுவுல இருக்கற இந்தத் தவலை மேல விழும். விறகு வேணாம், கரி வேணாம், ஊதுகுழல் வேணாம். போன வாரம் நாலு தரம் சோறு ஆக்கிட்டோம். நேத்து பெங்களூர்ல இருந்து எஞ்சினீயர் ராமையா வந்து உட்கார்ந்தாரு. ஊரே வந்து நின்னுச்சு. வெயில் கொளுத்துது. தவலையில தண்ணி கொதிக்கவே இல்லம்மா. அரிசி அரிசியாவே கெடக்கு.”

“அப்ப ஜனங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டான் முனிவேல்.

“சூரியனுக்கு இன்னிக்கு லீவான்னு கேட்டாங்க.”

“பரவால்லையே. நான் இல்லாத குறை தெரியாம பார்த்துக்கிட்டாங்க.”

சரோஜம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஜெயிலில் ரவிக்கைக்குள் ஒளித்த பீடியெல்லாம் தானாக வெளியே வந்து விழும் என்பார்கள்.

“எஞ்சினீயர் போயிட்டாரா?”

“முசாபரி பங்களாவுல தங்கியிருக்காரு. இன்னைக்கு மத்தியானம் இன்னொரு தரம் பாக்கறேன், அதுக்கப்புறம் பஸ் ஏறிடுவேன்னுட்டாரு. வெந்துட்டா ஜவளகிரி பக்கம் காட்டோர கிராமங்களுக்கு அடுப்பு செஞ்சு தரச் சொல்றேன்னாரு. வேகலேன்னா…” சகாயநாதன் வார்த்தையை விழுங்கினான்.

விட்டதை அவன் மனைவி ஆரோக்கியசெல்வி எடுத்துக்கொண்டாள். “வேகலேன்னா கோலார் பக்கம் சுரங்கத்துக்குப் போறாரு வார்டரம்மா. எங்க அண்ணன் அங்க வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. வெயிலைப் புடிச்சு அடுப்புல போட்ட மனுஷன், வெயிலே எட்டாத குழிக்குள்ள எறங்கப் போறாரு.”

கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது சகாயநாதனின் மாமியார் சவரியம்மாள். மருமகனின் பெருமையைப் பார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து முந்தாநாள்தான் வந்தவர். மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காருவதில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் வருவதும் இல்லை. ஆனால் அவருடைய குரலுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

“அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கேன் வார்டரம்மா! இவ அப்பாவும் சுரங்கத்துலதான் இருந்தாரு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்தாதான் அந்த மனுஷன் வெயிலைப் பாப்பாரு. என் மாப்பிள்ளைக்கும் அந்தப் பொழைப்பு வேணாம். எந்தப் பாவி இதைக் கெடுத்தான்னு கண்டுபுடிங்க. என் கையில குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்!”

“எந்தப் பாவின்னு எனக்குத் தெரியும்,” என்று பல்லைக் கடித்தான் சகாயநாதன். “பேரிகை ரோட்டுக் கரிக்கடை கிருஷ்ணப்பன். என் அடுப்பு ஜெயிச்சா அவன் கரியை எவன் வாங்குவான்? நேத்து காலையில இந்தக் கொல்லையில நின்னான். செல்வி பார்த்திருக்கா. இங்க பாருங்க.”

கிண்ணத்தின் வெளி விளிம்பில் கரி விரல்கள் பதிந்திருந்தன. சரோஜம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றி வந்தார்.

“போன வாரம் வெந்தப்போ இதே தவலைதானா?”

“இதே தவலை, இதே அரிசி, இதே வெயில், இதே நான்.”

“கண்ணாடி?”

“ஒவ்வொரு துண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணு கூட நகரலை. நேத்து பூரா கண்ணாடியைத் தவிர வேற எதையும் நான் பாக்கலைம்மா.”

இதற்குள் முனிவேல் தன் வேலையை முடித்துவிட்டிருந்தான். கிண்ணத்தில் கூட்டம் அதிகம் என்று, நடுவில் தாங்கியின்மேல் இருந்த பித்தளைத் தவலைக்கு மாறிவிட்டான். அதில் ஒரே ஒரு முனிவேல், கன்னம் மட்டும் பூசணிக்காய் மாதிரி. வகிடு திருப்தியாக விழுந்தது. மீசையையும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டான்.

“சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று கதவுக்குரல் ஆணையிட்டது. களியும் குழம்பும் வந்தன. முனிவேல் ஒரு கவளம் தோய்த்து விழுங்கினான். அவன் முகம் கோணியது.

“ஏம்மா செல்வி, குழம்புல புளிப்பே இல்லையே?”

“புளி தீர்ந்துபோச்சுண்ணா. போன சந்தையிலதான் பானை நெறைய வாங்கி வெச்சேன். எங்க போச்சுன்னே தெரியலை.”

“அடப்பாவி! சோத்தைக் கெடுத்தவன் குழம்பையும் விட்டு வைக்கலையே. அக்கா, இவன் பழக்கப்பட்ட திருடன். முழுச் சாப்பாட்டையும் குறி வெச்சிருக்கான்.”

எல்லாரும் சிரித்தார்கள். சரோஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குழம்பை இன்னொரு தரம் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

கரிக்கடைக்கு அவர் குதிரை வண்டியில் போனார். முனிவேல் சைக்கிளில் முன்னால் போனான். வண்டியின் சலங்கை கேட்டதுமே கரிக்கடை வாசலில் நின்ற ஒரு குட்டையான மனிதர் எட்டிப் பார்த்தார், வார்டரம்மாவைக் கண்டார், அடுத்த நிமிஷம் அங்கே அவர் இல்லை. கடைக்குள் அடுக்கியிருந்த கரி மூட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றில் ஒரு மூட்டை தும்மியது.

“அடுப்புக் கரியா, இஸ்திரிக் கரியா?” என்று அந்த மூட்டையைத் தட்டினான் முனிவேல். “இந்தச் சரக்குக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கு அக்கா. வேற மூட்டை எடுக்கலாம்.”

கோணியை விலக்கிக்கொண்டு கிருஷ்ணப்பன் எழுந்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம் பேசுகிறவர். பயம் வந்தால் எதைப் பேசுவது என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை.

“அம்மா, தேவுடு சாட்சி! நான் ஒண்ணும் பண்ணலை!”

“நீ ஒண்ணும் பண்ணலைன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன்,” என்றார் சரோஜம்மாள்.

கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தார். முனிவேலும் திறந்தான். வழி நெடுக இவரை எப்படி மடக்குவது என்று அவன் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் வீண்.

“கெடுக்க வந்தவன் கண்ணாடியை உடைச்சிருப்பான், இல்ல மண்ணாவது அப்பியிருப்பான். உன் விரல் விளிம்பை விட்டு உள்ளயே வரலை. ஒரு கட்டைவிரல், ஒரு சுண்டுவிரல். மறுபடி ஒரு கட்டைவிரல், ஒரு சுண்டுவிரல். அடுப்பை நீ சாண் போட்டு அளந்திருக்கே. எதுக்கு?”

கிருஷ்ணப்பன் தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுக் கொல்லைக் கதவுக்குள்ள நுழையுமான்னு பார்த்தேம்மா.”

“என்னது!”

“எங்க வெங்கடம்மாவுக்குப் புகைன்னா ஆகாதம்மா. அடுப்பு பத்த வெச்சா இருமுறா, இருமுனா என்னைத் திட்டறா. ‘ஊருக்கெல்லாம் கரி விக்கற, உன் பெண்டாட்டி மூச்சு முட்டறது தெரியலையா’ங்கறா. ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்னு ஆசை. ஆனா கரிக்கடைக்காரன் வீட்லயே வெயில் அடுப்புன்னா இந்தக் கடைப்பக்கம் நாய் வருமா? அதான் ஆள் இல்லாத நேரமாப் போயி அளந்தேன்.”

“நேத்து ஊர்ல எல்லாரையும் விட நீதான் பெருசா சிரிச்சியாமே?”

“அழக்கூடாதேன்னு சிரிச்சேம்மா.” கரி பூசிய அந்த முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் பரிதாபமாக முழித்தன.

முனிவேலுக்கு ஏனோ கேலி வரவில்லை. இருந்த ஒரே துப்பும் போய்விட்டது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. சகாயநாதனின் தூங்காத கண்கள் நினைவுக்கு வந்தன. “அப்ப நாம டிக்கெட் எடுத்தும் வண்டி மாறி ஏறிட்டோம் அக்கா,” என்றபடி வெளியே வந்து, சாய்த்து வைத்திருந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான்.

உட்கார்ந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் எழுந்தான்.

“ஐயோ! அம்மா! சீட்டா இது, தோசைக்கல்லா!”

பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக் குதிரையே இரண்டடி பின்வாங்கியது. கிருஷ்ணப்பன் பயத்தை மறந்து சிரித்தார்.

“கறுப்புத் தோல் சீட்டு தம்பி, வெயிலைக் குடிச்சு வெச்சிருக்கும். என் மாதிரி மேல ஒரு வெள்ளைத் துண்டு போட்டு வைக்கணும்.”

சரோஜம்மாள் வண்டியில் வைத்த காலை எடுத்துவிட்டார். சீட்டைப் பார்த்தார். தம்பியின் கலையாத வகிட்டைப் பார்த்தார்.

“முனிவேலு, காலையில எதுல பார்த்துத் தலை சீவுனே?”

“நான் இங்க வெந்துகிட்டு இருக்கேன், தலையைப் பத்திக் கேக்கறியே!”

“சொல்லுடா!”

“தவலையில.”

“மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதா?”

“கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கற அளவுக்குத் தெரிஞ்சுது.”

சரோஜம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம். “கிருஷ்ணப்பா, நல்லா இடிச்ச கரித்தூள் ஒரு கூடை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறு. குத்தவாளி யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ அதைக் கையில எடுத்த உடனே, அந்த ஆளே வாய் திறந்து சொல்லிடும்.”

கரிக்கடைக்காரரோடு வார்டரம்மா வந்து இறங்கியதைப் பார்த்ததும் சகாயநாதன் ஒரு சுத்தியலைத் தேடினான். முனிவேல் அதன்மேல் முன்கூட்டியே ஏறி நின்றுகொண்டான். உட்காருகிற நிலையில் அவன் இல்லை.

“செல்வி, சோத்துக்கஞ்சி கொஞ்சம் கொண்டா,” என்றார் சரோஜம்மாள். “கிருஷ்ணப்பா, கரித்தூளைக் கஞ்சியில குழை. ம். இப்ப அந்தத் தவலை மேல பூசு.”

கிருஷ்ணப்பன் இரண்டு உள்ளங்கையிலும் கரிக்குழம்பை அள்ளினார். தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்த தவலையை நோக்கிக் கையை நீட்டினார்.

“மாதாவே!”

கதவு படாரென்று திறந்தது. இரண்டு நாளாக மாப்பிள்ளை கண்ணில் படாமல் இருந்த சவரியம்மாள், முந்தானை பறக்கக் கொல்லையில் குதித்துத் தவலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“தொடாதே! கையை எடு! முந்தாநாள் சாயங்காலம் பூரா உட்கார்ந்து ஒரு பானைப் புளி போட்டு நான் தேய்ச்ச தவலைடா இது! எப்படிக் கெடந்துச்சு தெரியுமா? வருசக்கணக்கா விறகடுப்புல இருந்து கரிக்கட்டை மாதிரி கெடந்துச்சு! பெங்களூர் துரைங்க வர்ற இடத்துல அதையா வைக்கறது? என் பொண்ணு குடும்பம் பண்ற லட்சணத்தை ஊர் என்ன பேசும்?”

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். சவரியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?”

சரோஜம்மாள் அவர் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தார். ஜெயிலில் புதிதாக வந்து அழுகிறவளின் தோளில் வைக்கிற கை அது. முனிவேல் அதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறான்.

“சவரியம்மா, இந்தத் தவலையில என் தம்பி தலை சீவுனான். அவன் மூஞ்சியைத் திருப்பிக் குடுத்த மாதிரி, வெயிலையும் இது திருப்பிக் குடுத்துடுச்சு. கிண்ணம் பாடுபட்டுச் சேர்த்து அனுப்புது; தவலை உள்ள விடாம வாசல்லயே திருப்பி அனுப்புது. போன வாரம் கரி புடிச்சுக் கெடந்துச்சே, அந்தக் கரிதான் வெயிலை உள்ள வாங்கி வெச்சுக்கிட்டு இருந்துச்சு.”

சகாயநாதன் தவலையைப் பார்த்தான். தன் வீட்டில் இருந்த பொருளை அன்றுதான் முதல் முறை பார்ப்பவன் மாதிரி பார்த்தான். “கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேனே,” என்று முணுமுணுத்தான்.

சவரியம்மாளின் கை தவலையிலிருந்து நழுவியது. “அப்ப… நானா? மாப்பிள்ளையைக் குழிக்குள்ள தள்ளப் பார்த்தது நானா?” அவர் உதடு கோணியது. இனி ஒரு வார்த்தை வந்தால் அழுகைதான்.

சகாயநாதன் முன்னால் வந்தான். மாமியாரிடம் நேருக்கு நேர் பேசியது அவனுக்கும் அதுவே முதல் தடவை.

“அத்தை, இவ்வளவு நல்லாத் தேய்க்கலேன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. நீங்களே பூசுங்க.”

சவரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரிக்குழம்பில் கையை விட்டார். தான் தேய்த்த ஒவ்வோர் இடத்தையும் தன் கையாலேயே கறுப்பாக்கினார். அடியையும் விடவில்லை. எதைச் செய்தாலும் அவருக்கு முழுசாகச் செய்ய வேண்டும்.

எஞ்சினீயர் ராமையா வந்தபோது தவலையில் அரிசி ஏறியிருந்தது. கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏனப்பா, இன்னைக்காவது அன்னம் ஆகுமா? எனக்கு பஸ் உண்டு.”

ஊர் மறுபடியும் வேலியோரம் கூடியது. சகாயநாதன் கிண்ணத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பிவிட்டுத் தள்ளி நின்றான். செல்வி ஜெபமாலையை உருட்டினாள். முனிவேலுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது.

“சார், இதோட எதிர்காலம்தான் என்னா?”

“அமெரிக்காவுல ஒரு சின்னத் தகடு பண்ணியிருக்காங்களாம். வெயில் பட்டா அதுல கரண்டே வருதாம். பேப்பர்ல படிச்சேன். இப்ப அது விலை ஜாஸ்தி, ஒரு விளக்குக்கே காணாது. ஆனா நோடி, பாரு, ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு கூரை மேல அதைப் போட்டுக்குவாங்க.”

“ராத்திரிக்கு?”

“அதுதான் கஷ்டம். பகல் வெயிலை எதுல புடிச்சு வெக்கறது? எல்லாரும் அதைத்தான் தேடறாங்க.”

“மேகம் மூடுனா?”

“அதுக்கும் இன்னும் வழி இல்லப்பா.”

“அதுக்குத்தான் நாங்க இருக்கோம் சார்!” என்று வேலியோரத்திலிருந்து கத்தினார் கிருஷ்ணப்பன். “மழைக்காலத்துக்கு எங்க கரி! வெயில் காலத்துக்கும் எங்க கரிதான், தவலைக்குப் பூச!”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு செல்வி கையை உயர்த்தினாள். எல்லாரும் காதைக் கொடுத்தார்கள்.

தவலையின் மூடி மெல்ல ஆடியது. நின்றது. மறுபடியும் ஆடியது. பிறகு தடதடவென்று, மேடு ஏறுகிற பழைய பஸ் மாதிரி அது குதிக்க ஆரம்பித்தது. விளிம்பு வழியாகக் கஞ்சி பொங்கி வழிந்தது. வேலியே சாய்கிற மாதிரி ஊர் ஆரவாரம் செய்தது. முனிவேல் பழக்க தோஷத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு தவலைக்கு அருகே போனான். அதில் முகம் தெரியவில்லை. சீப்பைத் திருப்பி வைத்தான். அன்றைக்கு அவனுக்கு அது குறையாகப் படவில்லை.

ராமையா ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு இலை கேட்டார். பிறகு இன்னொரு முறை கேட்டார். “சகாயநாதன், இன்னைக்கு பஸ் போனா போகட்டும். நாளைக் காலை பஸ்ல இந்த அடுப்பையும் தவலையையும் எடுத்துக்கிட்டு என்னோட பெங்களூருக்கு வா. எங்க பெரியவங்க முன்னால ஒரு தரம் ஆக்கிக் காட்டு. அப்புறம் ஜவளகிரிக்கு நீதான் அடுப்பு பண்ணப்போறே. நேத்து என்ன தப்பாச்சு?”

சவரியம்மாள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து தவலை விருந்துக்கு வர்ற மாதிரி உடுத்திக்கிட்டு வந்துடுச்சுங்க,” என்றார் சரோஜம்மாள். “இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கு.”

ராமையாவுக்குப் புரியவில்லை. வாயில் சோறு இருந்ததால் மேலே கேட்கவும் இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு அக்காவும் தம்பியும் வாசலுக்கு வந்தார்கள். முனிவேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான், ஏறுவதாக இல்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து சவரியம்மாளின் குரல் கேட்டது.

“ஏன்டி செல்வி, பக்கத்து வீட்ல கைமாத்தா புளி வாங்கி வெச்சேனே, எங்க? நாளைக்கு ஊருக்குப் போற பாத்திரம்டி. எஞ்சினீயர் ஒருத்தர் பார்த்தாச்சு, சரி. அங்க அத்தனை பெரிய மனுஷங்க முன்னால இப்படியேவா வைக்கறது? முழுசா வேணாம், கழுத்துல மட்டும் லேசா ஒரு தேய்ப்பு…”

முனிவேல் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் திரும்பினான். சரோஜம்மாள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். தன் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவில், பெரிய உருண்டையாக அந்த வீட்டுப் புளி முழுவதும் இருந்தது.

“அக்கா! அப்ப ராத்திரிக்கு அவங்க குழம்புக்கு என்ன பண்ணுவாங்க?”

“மோர் ஊத்திச் சாப்பிடட்டும்,” என்றார் வார்டரம்மா. “பஸ் கிளம்பற வரைக்கும் புளிக்கு ஜாமீன் கிடையாது.”